திரையில் ஒரு நிமிடம், வானத்தில் எத்தனை நிமிடம்?

2011 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், பிரையன் நகருக்கு அருகே, பைப்பர் பி.ஏ-32-260 வகைச் சிறு விமானம் ஒன்று பறந்துகொண்டிருக்கும்போதே உடைந்து விழுந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரும் இறந்துபோனார்கள். ஒற்றை எஞ்சின், உள்ளே மடங்காத சக்கரங்கள், ஆறு இருக்கைகள் என்று குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர ஏற்ற விமானம் இது. பைப்பர் நிறுவனம் இதற்கு வைத்த பெயர் 'செரோக்கி சிக்ஸ்'.

இந்த விபத்து இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் உண்டு. அந்த விமானி வானிலை தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர் அல்ல. எங்கே மழை பெய்கிறது என்று வண்ணத்தில் காட்டும் ரேடார் படம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கருவி பழுதாகவில்லை, படமும் வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தப் படத்தில் இருந்தது, சில நிமிடங்களுக்கு முந்தைய வானம்.

ஆறு மாதம் கழித்து, 2012 ஜூனில், அமெரிக்கப் போக்குவரத்து விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி. அமைப்பு எஸ்.ஏ-017 என்ற எண்ணில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கைக்கருவியில் மழைப் படம் பார்த்துப் பறக்கும் ஒவ்வொரு விமானிக்குமான எச்சரிக்கை அது. பிரையன் விபத்தோடு இன்னொரு விபத்தையும் அது எடுத்துக்காட்டியது.

அந்த இன்னொன்று தனியார் விமானம் அல்ல, மருத்துவ ஹெலிகாப்டர். ஆனால் நடந்ததைப் புரிந்துகொள்ள அதுதான் அதிகம் உதவுகிறது. 2010 மார்ச் 25 அதிகாலை, டென்னசி மாநிலத்தில் ஜாக்சன் நகர மருத்துவமனையில் நோயாளியை இறக்கிவிட்டு, பிரவுன்ஸ்வில்லில் உள்ள தன் தளத்துக்குத் திரும்பவேண்டியிருந்தது யூரோகாப்டர் ஏ.எஸ்.350 ஒன்று. மேற்கிலிருந்து இடிமழை வரிசை ஒன்று வந்துகொண்டிருந்தது. அடுத்த ஷிஃப்டுக்கு வரவேண்டிய விமானியிடம் தொலைபேசியில் பேசியபோது, புயலை முந்த சுமார் 18 நிமிடம் இருப்பதாக இவர் சொல்லியிருக்கிறார். தளத்தை எட்டும் முன்பே ஹெலிகாப்டர் விழுந்தது. விமானியும் இரண்டு செவிலியர்களும் இறந்தார்கள். அந்த விமானி பார்த்திருக்கக்கூடிய ரேடார் படத்தின் வயது திரையில் ஒரு நிமிடம் என்று காட்டியிருக்கும். அதில் இருந்த தகவலுக்கு உண்மையில் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது என்கிறது எச்சரிக்கைக் குறிப்பு. படத்தில் இன்னும் வந்துசேராத புயல், நிஜத்தில் தளத்தைக் கடக்கும் தறுவாயில் இருந்தது.

நான்கு நிமிட வித்தியாசம்தானே என்று தோன்றலாம். 18 நிமிடம் இருக்கிறது என்று நம்பிக் கிளம்பியவரின் கணக்கில் நான்கு நிமிடம் எவ்வளவு பெரிது என்று யோசித்தால் போதும். (கிளம்பவே கூடாத நேரத்தில் கிளம்பியதுதான் அந்த விபத்தின் மூலக் காரணம் என்று விசாரணை முடிவு சொல்கிறது. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த முடிவுக்குத் தைரியம் கொடுத்தது எது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.)

சரி, 'ஒரு நிமிடம்' என்று திரையில் வருவது உண்மையில் எப்படி ஐந்தாக இருக்க முடியும்? இதற்கு, படம் வரும் வழியைத் தொடக்கத்திலிருந்து பார்க்கவேண்டும்.

அமெரிக்காவில் நெக்ஸ்ராட் என்ற வானிலை ரேடார் வலையமைப்பு இருக்கிறது. ஏறக்குறைய 160 நிலையங்கள். ஒவ்வொன்றும் முதலில் தரையை ஒட்டி, அரை டிகிரி சாய்வில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். பிறகு கொஞ்சம் நிமிர்ந்து இன்னொரு சுற்று. இப்படியே 19.5 டிகிரி வரை ஏறும். அப்புறம் மறுபடி கீழே. மழை பெய்யும்போது இயங்கும் பயன்முறையில் இந்த முழு வேலைக்கு நான்கு முதல் ஆறு நிமிடம் பிடிக்கும். வானம் தெளிவாக இருக்கும்போது ரேடார் நிதானமாகச் சுற்றும், அப்போது பத்து நிமிடம் ஆகும். அதாவது, ரேடாரிலிருந்து தகவல் வெளியே வரும்போதே அதன் ஒரு பகுதிக்குச் சில நிமிட வயது ஆகியிருக்கும். தாழ்வான சாய்வை நடுவில் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளும் முறை 2014 வாக்கில் வந்ததால் இந்த இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அடுத்தது, பல நிலையங்களின் தகவலைச் சேவை நிறுவனம் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒட்டுப்படமாக ஆக்குகிறது. 160 ரேடார்களும் ஒரே நொடியில் சுற்றி முடிப்பதில்லை. ஆகவே ஒட்டுப்படத்தில் ஒரு மூலை இரண்டு நிமிடம் பழையதாகவும், பக்கத்து மூலை எட்டு நிமிடம் பழையதாகவும் இருக்கும். எந்தப் புள்ளி எப்போது பார்க்கப்பட்டது என்ற விவரம் விமானியின் கண்ணுக்கு வருவதே இல்லை. எல்லாம் ஒரே பச்சை, ஒரே மஞ்சள், ஒரே சிவப்பு.

இந்த ஒட்டுப்படம் தயாரான நொடியில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கோளாறு இங்கேதான். திரையின் ஓரத்தில் காட்டும் வயது, படம் ஒட்டி முடிக்கப்பட்டதிலிருந்து எண்ணப்படுகிறதே தவிர, ரேடார் மழையைப் பார்த்த நேரத்திலிருந்து அல்ல. எனவே நிஜ வானிலைத் தகவல் எப்போதுமே திரை சொல்லும் வயதைவிடப் பழையதாகத்தான் இருக்கும். எல்லாத் தாமதமும் ஒரே சமயத்தில் சேர்ந்துகொண்டால், திரை சொல்வதைவிட 15 முதல் 20 நிமிடம் வரை கூடுதலாகப் பழையதாக இருக்கக்கூடும் என்று என்.டி.எஸ்.பி. எச்சரித்தது. பால் பாக்கெட்டில் கறந்த நேரத்தைப் போடாமல், பாக்கெட் ஒட்டிய நேரத்தைப் போட்டு விற்பது போன்ற வேலை இது.

இன்னொரு விஷயம் இதைவிட நுட்பமானது. கைக்கருவியில் பார்க்கும்போது, மழைப் படத்துக்கு மேலே ஒரு சின்ன விமானச் சின்னம் நகர்ந்துகொண்டிருக்கும். அது ஜி.பி.எஸ். தரும் இடம், நொடிக்கு நொடி மாறும், சில மீட்டர் துல்லியம். அதற்குக் கீழே விரிந்திருக்கும் மழையோ ஏழெட்டு நிமிடத்துக்கு முந்தையது. ஒரே கண்ணாடியில் இரண்டு வெவ்வேறு நேரங்கள். விமானச் சின்னம் அவ்வளவு உயிரோட்டமாக நகர்வதால், பின்னணியும் இப்போதையது என்றே மூளை எடுத்துக்கொள்ளும். விரலால் பெரிதாக்கினால் சிவப்புக்கும் சின்னத்துக்கும் இடையே ஆறு மைல் இருக்கிறது என்று அளந்தே பார்க்கலாம். அளவுகோல் பொய் சொல்லாது. அளக்கப்படும் பொருள்தான் அந்த இடத்தில் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இடிமேகம் 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) வேகத்தில் நகர்கிறது, படம் 15 நிமிடம் பழையது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேகம் படத்தில் இருக்கும் இடத்திலிருந்து 10 கடல் மைல் தள்ளிப் போயிருக்கும். பத்து மைல் இடைவெளி விட்டுச் சுற்றிப் போகிறேன் என்று நினைத்த விமானி, அந்த மேகத்தின் நடுவயிற்றில் நுழைவார். கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 மைல் தள்ளியிருங்கள் என்று அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறது. கைக்கருவிகள் வரும் முன்பே இருந்த அறிவுரை அது. இந்தத் தாமதத்துக்காக வகுத்ததல்ல. ஆனால் மேலே சொன்ன கணக்கில் 20 மைல் விட்டவருக்கு இன்னும் 10 மைல் மிச்சமிருக்கும்.

நகர்வது மட்டும் என்றால் கூட ஓரளவு கணித்துவிடலாம். வளர்வதுதான் ஆபத்து. இடிமேகத்துக்குள் மேலே பாயும் காற்று நிமிடத்துக்கு 3,000 அடியைத் தாண்டும். சாதாரண ஒற்றை இடிமேகத்தின் முழு ஆயுளே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். எட்டு நிமிடம் முன்பு லேசான பச்சைப் புள்ளியாக இருந்தது இப்போது சிவப்பாக இருக்கலாம். எட்டு நிமிடம் முன்பு ஒன்றுமே இல்லாத இடத்தில் இப்போது புதிதாக ஒன்று முளைத்திருக்கலாம். செரோக்கி சிக்ஸ் போன்ற விமானத்தின் மூக்கில் சொந்த ரேடார் இருக்காது. மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் சன்னலுக்கு வெளியே சாம்பல் நிறம் தவிர வேறெதுவும் தெரியாது.

அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். காற்றுக் கொந்தளிப்பில் விமானம் ஒரு பக்கம் சாயும். சாய்வது உடம்புக்குத் தெரியாது. மூக்கு தாழ்ந்து வேகம் ஏறும். காதைக் கிழிக்கும் காற்றுச் சத்தம் கேட்டுப் பதறி விமானி கட்டுப்பாட்டுப் பிடியை இழுப்பார். சாதாரண வகைச் சிறு விமானத்தின் உடல் 3.8 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 3.8 மடங்கு வரையான சுமைக்குச் சான்று பெற்றது; அந்தச் சுமையின் ஒன்றரை மடங்கு வரை உடையாமல் நிற்கவேண்டும் என்பது வடிவமைப்பு விதி. எல்லை மீறிய வேகத்தில் வேகமாக இழுத்தால் அந்த ஒன்றரை மடங்கும் நொடியில் தீர்ந்துவிடும். வானிலேயே உடையும் விபத்துகள் பலவற்றுக்கும் இதுதான் வழி.

இந்தப் படம் விமானியின் மடிக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கையடக்கக் கருவியில் செயற்கைக்கோள் வழியாக ரேடார் படம் என்பதைப் பரவலாக்கியது 2005-ல் வந்த கார்மின் ஜி.பி.எஸ்.மேப் 396. மாதச் சந்தா கட்டவேண்டும். அதற்கு முன் நடுவானில் இருக்கும் சிறு விமானிக்கு வானிலை என்றால் ரேடியோவில் கேட்பதும் சன்னலில் பார்ப்பதும்தான். 2007-ல் டைசன் வைஸ், ஜேசன் மில்லர் என்ற இருவர், விமானிகளுக்கான ஆப் தயாரிக்கும் ஃபோர்ஃப்ளைட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு, தனியார் விமானிகள் காகித வரைபடங்களுக்குப் பதில் மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றி எஃப்.ஏ.ஏ. வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது. 2010 ஏப்ரலில் ஐபேட் வந்தது. அதோடு விமானிகளின் கனத்த பை காணாமல் போனது. பாதை போடுவது, எரிபொருள் கணக்கு, காற்றுக்கேற்ற நேரம், தரையிறங்கும் சார்ட், விமானத் திட்டம் தாக்கல் செய்வது என எல்லாம் ஒரே டேப்லெட்டில். 2012-ல் ஸ்ட்ராட்டஸ் என்ற சிறு பெட்டி வந்தது. தரை நிலையங்கள் 978 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் வானிலைத் தகவலை அது வாங்கி, வைஃபையில் ஐபேடுக்குக் கொடுத்தது. சந்தா எதுவும் இல்லை.

இலவசம் என்றதும் எல்லோரிடமும் வந்துவிட்டது. போதாக்குறைக்கு, 2020 ஜனவரி 1 முதல் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளிகளில், விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்-பி கருவி கட்டாயமானது. அதன் உடன்பிறப்பான இந்த வானிலை ஒலிபரப்பும் சாதாரண விஷயமாகிவிட்டது. 2019-ல் ஃபோர்ஃப்ளைட்டை போயிங் வாங்கியது. 2025-ல் அதையும் விமான வரைபட நிறுவனமான ஜெப்பெசன் முதலான இன்னும் சிலவற்றையும் சேர்த்து தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 1,055 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. மடியில் வைத்துப் பார்க்கும் வரைபடத் தொழிலின் மதிப்பு எங்கே போய் நிற்கிறது என்று இதிலிருந்தே தெரியும். பயிற்சிக்காக அமெரிக்கா போகும் நம் பிள்ளைகளுக்கும் இந்த ஆப்கள் அன்றாடச் சாமான்.

வெயிலில் டேப்லெட் அணைந்துபோவது பற்றித்தான் புதிய விமானிகளிடம் அதிகம் பேசப்படுகிறது. உண்மைதான், ஐபேடை 35 டிகிரி வரை பயன்படுத்தலாம் என்கிறது ஆப்பிள், சிறு விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் அது சர்வ சாதாரணமாகத் தாண்டும். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். சிப்பே கிடையாது என்பதைக் கிளம்பிய பிறகு கண்டுபிடிப்பவர்களும் உண்டு. ஆனால் இவையெல்லாம் நல்ல கோளாறுகள் என்பேன். திரை கறுத்துப்போனால், கறுத்துப்போனது தெரியும். உடனே மாற்று வழி தேடுவோம். பழைய மழைப் படம் அப்படியல்ல. அது பளிச்சென்று, அழகாக, முழு நம்பிக்கையோடு எரிந்துகொண்டிருக்கும்.

அழகும் ஒரு சிக்கல்தான் என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. ஆய்வகத்தின் 2004-ஆம் ஆண்டு ஆய்வில், விமானிகளுக்கு வெவ்வேறு நுணுக்கத்தில் ரேடார் படங்களைக் கொடுத்தார்கள். படம் எவ்வளவு நுணுக்கமாக இருந்ததோ, அந்த அளவுக்கு மேகங்களைச் சுற்றியோ அவற்றின் இடையில் புகுந்தோ போய்விடலாம் என்ற எண்ணத்தில் பயணத்தைத் தொடரும் போக்கு கூடியது. மங்கலான கட்டம் கட்டமான படம் விமானியை ஒதுங்கிப் போகச் செய்கிறது. தெளிவான படம் இடுக்கைக் காட்டுகிறது. ஆப் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு படத்தை மெருகேற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும். படத்தின் கூர்மை கூடுகிறது, வயது அப்படியே இருக்கிறது.

தரை ஒலிபரப்பிலும் இரண்டு வகைப் படம் வருகிறது. சுற்றுவட்டாரப் படம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. நாடு முழுவதற்குமான படம் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான், கட்டங்களும் பெரியவை. திரையைச் சுருக்கி விரிக்கும்போது ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடம் பழகாத கண்ணுக்குப் புலப்படாது. தாழ்வாகப் பறந்தால் தரை நிலையம் கண்ணுக்கெட்டாமல் போய்ப் படம் வருவதே நிற்கலாம். தரவு வராத பகுதியும் மழை இல்லாத பகுதியும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாகப் படித்தவர்களுக்கு அது தெரிய வரும்போது நேரம் தாண்டியிருக்கும்.

அப்படியானால் தரையிலிருந்து விமானப் போக்குவரத்தை நடத்தும் கட்டுப்பாட்டாளரிடம் கேட்டுவிடலாமே? கேட்கவேண்டும். ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதிலின் வயதும் மாறும். பெரிய விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வான்வெளியைப் பார்க்கும் கட்டுப்பாட்டாளரின் ரேடார் சில நொடிகளுக்கு ஒருமுறை சுற்றுவது. மழையையும் ஏறக்குறைய உடனுக்குடன் காட்டும். நெடுந்தூரப் பாதையைக் கவனிக்கும் மையங்களில் இருப்பவர் பார்ப்பதோ, அதே நெக்ஸ்ராட்டிலிருந்து ஒட்டப்பட்ட இன்னொரு படம். அதிலும் தாமதம் உண்டு. அவர் 'உங்கள் பாதையில் கடும் மழை' என்று சொல்லும்போது, 'என் திரையில் அப்படி இல்லையே' என்று விமானி நினைத்தால், இரண்டு பழைய படங்கள் ஒன்றோடொன்று வாதாடுகின்றன என்று பொருள். அந்த மாதிரி நேரத்தில் எது மோசமாகச் சொல்கிறதோ அதை நம்புவதுதான் புத்திசாலித்தனம்.

இன்று எஃப்.ஏ.ஏ.வின் விமானிகள் கையேடு இதைத் தெளிவாகவே சொல்கிறது: இந்தப் படங்கள் முன்கூட்டியே பாதையை மாற்றித் திட்டமிடுவதற்கு, மேகங்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து நுழைவதற்கு அல்ல. வாசகம் சரி. ஆனால் கருவி வேறு மாதிரி நடந்துகொள்கிறது. விரலை வைத்து இழுத்தால் பாதை ரப்பர்போல வளைந்து, இரண்டு சிவப்புத் திட்டுகளுக்கு இடையே அழகாக உட்கார்ந்துகொள்ளும். புதிய தூரம், புதிய நேரம், புதிய எரிபொருள் கணக்கு எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். கையேடு கூடாது என்று சொல்வதை ஒரே விரலில் செய்ய வைப்பதுதான் இந்த மென்பொருளின் கெட்டிக்காரத்தனம்.

வடிவமைப்பில் என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால், என் ஆசை ஒன்றுதான். ஒட்டுப்படத்தின் வயதைக் காட்டுவதற்குப் பதில், அதற்குள் இருக்கும் மிகப் பழைய தகவலின் வயதைக் காட்டவேண்டும். அதைக் கணக்கிட முடியாவிட்டால் '1 நிமிடம்' என்ற எண்ணையே எடுத்துவிட்டு, 'குறைந்தது 1 நிமிடம்' என்று போடலாம். ஒரே ஒரு சொல் கூடினால் போதும், அந்த எண்ணின் தொனியே மாறிவிடும். இது வியாபாரத்துக்கு நன்றாக இருக்காது என்பதும் தெரியும். நம் படம் பழையது என்று விளம்பரம் செய்ய யார் முன்வருவார்கள்?

நடைமுறையில் இப்போதைக்கு விமானியின் கையில் இருப்பது திசை. படம் பிந்துவதால், நகரும் மேகம் திரையில் வரைந்திருக்கும் இடத்தைவிட எப்போதும் அது போகும் திசையில் தள்ளியே இருக்கும். கடந்த அரை மணி நேரப் படங்களை ஓடவிட்டால் அந்தத் திசை தெரிந்துவிடும். ஆகவே சுற்றித்தான் போகவேண்டும் என்றால், அது வந்த பக்கமாக, அதன் முதுகுப்புறமாகச் சுற்றுவது மேல். முன்புறமாகக் குறுக்கே ஓடி முந்தப் பார்ப்பது, பிரவுன்ஸ்வில் விமானி எடுத்த பந்தயம்தான். ஆனால் பின்னால் இன்னொரு வரிசை வரும் நாளில் முதுகுப்புறமும் உதவாது. புதிதாக முளைக்கும் மேகத்துக்கோ முன்பக்கம், பின்பக்கம் எதுவும் திரையில் இருக்காது. அப்படிப்பட்ட நாளில் அதே ஆப் உருப்படியாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு: அருகில் உள்ள விமான நிலையங்களைத் தூர வரிசையில் பட்டியலிட்டு, ஓடுதளத்தின் நீளத்தோடு காட்டுவது. நிலையங்கள் நகர்வதில்லை என்பதால் அந்தப் பட்டியலுக்கு வயதுச் சிக்கல் கிடையாது.